அடுத்த அறைப் புகை

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் காரைக்காலுக்குள் இரண்டு விதமான கூட்டம் வந்து இறங்குகிறது. ஒரு கூட்டம், மறுநாள் விடியலில் திருநள்ளாறு நளதீர்த்தத்தில் மூழ்கி எழுந்து சனி பகவானைத் தரிசிக்க வருவது. கைக்குழந்தை, முட்டிவலிக்காரப் பாட்டி, மாற்றுத்துணி மூட்டை என்று குடும்பம் குடும்பமாக வருவார்கள். இன்னொரு கூட்டம், வடக்கே நண்டலாற்றையோ தெற்கே வாஞ்சூரையோ தாண்டினால் மது விலை குறைகிறது என்பதற்காக வருவது. நாலைந்து நண்பர்கள், ஒரு கார், இரண்டு நாள் விடுமுறை. இரண்டு கூட்டமும் வேறு வேறு காரியத்துக்காக வந்திருந்தாலும் தங்குவது ஒரே லாட்ஜுகளில்தான். பாட்டியும் பேரனும் படுத்திருக்கும் அறைக்கு அடுத்த அறையில் இரவு பதினொரு மணிக்குப் பாட்டில் திறக்கப்படும். கூடவே சிகரெட்டும் பற்றவைக்கப்படும். சற்று நேரத்தில் குளியலறை ஜன்னல் வழியாகவும் கதவின் அடி இடுக்கு வழியாகவும் புகை இந்தப் பக்கம் வந்து சேரும்.

பல குடும்பங்கள் இதைப் பயணத்தின் தலைவிதியாக எடுத்துக்கொண்டு போர்வையை இழுத்து மூடிக்கொள்கின்றன. யாரிடம் சொல்வது, சொன்னால் சண்டை வருமோ என்ற தயக்கம். ஆனால் சட்டம் இந்தக் குடும்பத்தின் பக்கம் நிற்கிறது. அதுவும் சின்ன லாட்ஜ் என்றால், பெரிய ஓட்டலைவிட இன்னும் அழுத்தமாகவே நிற்கிறது.

காரைக்காலின் இந்த நிலைக்குக் காரணம் அதன் சரித்திரம். 1739இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன ஊர், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே வங்கக்கடல். ஆட்சியோ நூற்று முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள புதுச்சேரியிலிருந்து நடக்கிறது. சுற்றியிருக்கும் தமிழ்நாட்டில் ஒரு மதுக்கொள்கை, இங்கே வேறொன்று. சொந்த ஊரில் விலை அதிகமாகவோ கட்டுப்பாடாகவோ இருக்கிற ஒரு பொருளைத் தேடி வெளியாட்கள் வருகிற ஊருக்கெல்லாம் ஒரு பொதுக்குணம் உண்டு. வந்தவர்கள் அந்த ஒன்றோடு நிற்பதில்லை. வீட்டில் செய்யாத மற்றவற்றையும் செய்கிறார்கள். வீட்டில் மனைவிக்கும் பிள்ளைக்கும் பயந்து மொட்டைமாடிக்குப் போய்ப் புகைப்பவர், லாட்ஜ் அறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு கட்டிலிலேயே புகைப்பார்.

இந்தக் குணத்தை உலகத்தில் அதிகமாகப் பார்த்தவை சூதாட்ட நகரங்கள். லாஸ் வேகஸ், மக்காவ், நம் நாட்டில் பனாஜி. அங்கெல்லாம் விடுமுறைக்குப் போகிற குடும்பங்கள் பலவற்றின் புகார், பணம் போனது பற்றி அல்ல. உடையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வரும் புகை நாற்றம் பற்றித்தான். காரைக்காலில் சூதாட்டக்கூடம் கிடையாது. புதுச்சேரி அரசு அந்தப் பக்கம் போக இதுவரை தயங்கியே வந்திருக்கிறது. 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து கிளம்பிய கார்டீலியா சொகுசுக் கப்பல் புதுச்சேரிக்கு வரவிருந்தபோது, கப்பலுக்குள் சூதாட்டம் நடக்கிறது என்று எதிர்ப்பு எழுந்தது, அனுமதி கிடைக்கவில்லை. சூதாட்டம் இல்லாவிட்டாலும் புகை விஷயத்தில் காரைக்கால் அந்த நகரங்களிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. எது பலிக்கவில்லை, எது பலித்தது என்ற இரண்டையுமே அவை செய்து பார்த்துவிட்டன.

நெவாடா மாநில மக்கள் 2006 நவம்பரில் வாக்களித்து, உணவகங்கள் உள்ளிட்ட மூடிய இடங்களில் புகைக்கத் தடை கொண்டுவந்தார்கள். ஆனால் சூதாட்டத் தளத்துக்கு விலக்கு அளித்தார்கள். விளைவாக, லாஸ் வேகஸின் பிரம்மாண்டமான விடுதிகளில் சாப்பாட்டுக் கூடம் சுத்தமாக இருக்கும். அதற்குப் போகும் வழி சூதாட்டத் தளத்தின் நடுவே போகும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு அந்தப் புகையைக் கடந்துதான் சாப்பிடப் போக வேண்டும். அந்த நகரத்தின் பிரதான சாலையில் முழுக்கப் புகையில்லா முதல் சூதாட்ட விடுதி வர 2020 செப்டம்பர் இறுதிவரை ஆயிற்று. பெருந்தொற்று ஊரடங்குக்குப் பின் பார்க் எம்ஜிஎம் விடுதி அப்படித் திறந்தது. அதன் பிறகும் அது அந்த முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

மக்காவ் படிப்படியாகப் போனது. 2013 ஜனவரியில் சூதாட்டத் தளத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பக்கம் புகைக்கலாம், மறுபக்கம் கூடாது என்றது. புகைக்கு இந்தப் பிரிவினை தெரியுமா? 2014 அக்டோபரில் பொதுமக்கள் ஆடும் தளங்களில் தடையை விரித்தது. 2019 ஜனவரி 1 முதல், அனுமதி பெற்ற தனிப் புகையறைகளைத் தவிர எங்கும் கூடாது என்று முடித்தது. புகையைத் தடுத்தால் சுற்றுலா படுத்துவிடும் என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். முழுத்தடை வந்த அந்த 2019ஆம் ஆண்டில்தான் மக்காவுக்கு மூன்று கோடியே தொண்ணூற்று நான்கு லட்சம் பேர் வந்தார்கள். அதுவரை இல்லாத எண்ணிக்கை.

நம் கோவாவின் கதை இன்னும் கவனிக்க வேண்டியது. 1992இல் ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் சூதாட்ட இயந்திரங்களுக்கும், 1996இல் கப்பல்களில் சூதாட்டத்துக்கும் சட்டத் திருத்தத்தின் மூலம் வழிவிட்ட மாநிலம் அது. மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்கள் ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டன. அதே கோவாதான், மத்திய அரசின் புகையிலைச் சட்டம் வருவதற்கு முன்பே, 1997இல் பொது இடத்தில் புகைப்பதற்கும் எச்சில் துப்புவதற்கும் எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. 2016-17இல் நாடு முழுக்க நடந்த வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், நாட்டிலேயே புகையிலைப் பழக்கம் குறைவாக இருந்தது கோவாவில்தான்: 9.7 சதவீதம். இந்தியா முழுமைக்கும் அது 28.6. தமிழ்நாட்டில் 20. காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 11.2.

இந்த எண்களை ஒருமுறை நிறுத்தி யோசிக்க வேண்டும். கோவாக்காரரும் காரைக்கால்காரரும் மற்ற ஊர்க்காரரைவிடக் குறைவாகத்தான் புகையிலையைத் தொடுகிறார்கள். ஆக, விடுமுறை நாளில் லாட்ஜிலும் பாரிலும் சூழ்ந்து நிற்கிற புகையில் பெரும் பங்கு வெளியூரிலிருந்து வந்து இறங்குவது என்று எண்ண இடமிருக்கிறது. வந்தவர்கள் ஞாயிறு மாலை கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் காற்றில் திங்கட்கிழமையும் வேலை பார்ப்பது உள்ளூர்ப் பிள்ளைகள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது பலருக்கு அரைகுறையாகவே தெரியும். ‘பொது இடத்தில் புகைத்தால் இருநூறு ரூபாய் அபராதம்’ என்ற அளவில் நின்றுவிடுகிறது. 2003ஆம் ஆண்டின் மத்தியப் புகையிலைச் சட்டத்தின் நான்காவது பிரிவு பொது இடத்தில் புகைப்பதைத் தடை செய்கிறது. அதற்கான விரிவான விதிகள் 2008 அக்டோபர் 2, காந்தி ஜயந்தி அன்று நடைமுறைக்கு வந்தன. அதற்கும் முன்பே 1999 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றமும், 2001 நவம்பரில் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றமும், புகைக்காதவர் பிறர் விடும் புகையை ஏன் சுவாசிக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டன. உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதியாகவே நீதிமன்றங்கள் இதைப் பார்த்தன.

விதிகளில் ‘உணவகம்’ என்பதற்குத் தரப்பட்டிருக்கும் விளக்கத்தைக் காரைக்கால்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பணம் கொடுத்து உணவோ பானமோ வாங்கி அங்கேயே அருந்தும் எந்த இடமும் உணவகம்தான். காப்பிக்கடை, கேன்டீன், விருந்துக்கூடம் எல்லாம் அதில் அடக்கம். பாரும் அடக்கம். அந்த இடத்தைச் சுற்றியுள்ள திறந்தவெளியும் அடக்கம். ‘பார்ல தம் அடிக்காம வேற எங்க அடிக்கிறது?’ என்று கேட்பவர்களுக்குச் சட்டத்தின் பதில்: பாரில் அடிக்கக்கூடாது. சட்டம் தரும் பொது இடப் பட்டியலில் கேளிக்கை மையங்களும் இருக்கின்றன. ஆகவே நாளை இங்கே சூதாட்டக்கூடமே வந்தாலும் இந்த விதி அதையும் கட்டும்.

விலக்கு ஒன்று உண்டு. முப்பது அறைகள் கொண்ட ஓட்டலும், முப்பது பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகமும், விமான நிலையமும் புகைப்பதற்குத் தனி இடம் ஒதுக்கலாம். ஒதுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஒதுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒதுக்கினாலும் ஒரு மூலையில் இரண்டு நாற்காலி போட்டுவிட்டால் போதாது. தரையிலிருந்து கூரைவரை நான்கு பக்கமும் சுவர் வேண்டும். தானாக மூடிக்கொள்ளும் கதவு வேண்டும். புகை நேராகக் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். உள்ளே இருக்கும் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் கதவு திறக்கும்போது காற்று உள்ளே போகுமே தவிரப் புகை வெளியே வராது. வாசலை ஒட்டி அந்த அறை இருக்கக்கூடாது. 2017இல் வந்த திருத்தத்தின்படி அந்த அறைக்குள் உணவோ மதுவோ பரிமாறவும் கூடாது. ஓட்டலில் புகைப்பவர்களுக்கான தங்கும் அறைகள் ஒதுக்கினால், அவை ஒரே தளத்திலோ ஒரே பகுதியிலோ சேர்ந்து இருக்க வேண்டும். மற்ற அறைகளுக்கும் வராந்தாவுக்கும் புகை வரக்கூடாது.

இப்போது காரைக்கால் லாட்ஜுகளை நினைத்துப் பாருங்கள். பாரதியார் சாலையிலும் திருநள்ளாறு சாலையிலும் பதினைந்து அறை, இருபது அறை என்று நடக்கிற இடங்கள் எத்தனையோ. அந்தச் சலுகையே இவற்றுக்குக் கிடையாது. அங்கே புகைப்பதற்கென்று ஓர் இடத்தைக் காட்டுவதற்குக்கூடச் சட்டத்தில் வழியில்லை. ‘ரூமுக்குள்ள என்ன வேணா பண்ணிக்கலாம் சார்’ என்று வரவேற்பில் சொல்வது வாடிக்கையாளரை மகிழ்விக்கலாம், சொல்கிறவரைத்தான் மாட்டிவிடும். ஏனென்றால் விதி பொறுப்பை உரிமையாளர் மீதும் மேலாளர் மீதும் வைக்கிறது. ஒவ்வொரு நுழைவாயிலிலும், ஒவ்வொரு தளத்திலும், அறுபதுக்கு முப்பது சென்டிமீட்டர் அளவில், இங்கு புகைப்பது குற்றம் என்ற பலகை இருக்க வேண்டும். யாரிடம் புகார் சொல்ல வேண்டும் என்று அந்தப் பலகையிலேயே பெயர் இருக்க வேண்டும். புகார் வந்தும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை அபராதமும் அவர் தலையில். மேசையில் ஆஷ்ட்ரே வைப்பதும், தீப்பெட்டி எடுத்துக் கொடுப்பதும்கூட விதிமீறல்தான்.

பீடிக்கும் இதே சட்டம். மின்சிகரெட் என்றால் கதையே வேறு: 2019 முதல் அதன் உற்பத்தி, விற்பனை, இறக்குமதி எல்லாமே நாடு முழுக்கத் தடை.

கடற்கரை இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. திறந்தவெளியை அது பொது இடக் கணக்கில் சேர்க்கவில்லை. அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் மாலைக் காற்று வாங்க உட்காருபவர், பக்கத்தில் ஒருவர் பற்றவைத்தால் எழுந்து காற்று வரும் திசைக்கு மாறி உட்காருவதுதான் வழி. கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும் மாலையில் நீர்விளிம்புப் பக்கம் போய்விட்டால் புகை பின்னால் தங்கிவிடும். ஆனால் பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் திறந்த கூரையோடு இருந்தாலும் பொது இடங்களே என்று 2008 விதி தெளிவாகச் சொல்லிவிட்டது.

அடுத்த அறைப் புகை அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய விஷயம்தான். எரியும் சிகரெட்டின் முனையிலிருந்து சும்மா எழும் புகை, புகைப்பவர் இழுக்கும் புகையைவிடக் குறைந்த வெப்பத்தில், அரைகுறையாக எரிந்து வருவது. அவர் இழுப்பதுபோல அது பஞ்சு வழியாகவும் வருவதில்லை. புகையிலைப் புகையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் எழுபது அளவுக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. பிறர் விடும் புகையையே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியான முதல் வரிசையில் வைத்திருக்கிறது. புகைக்காமலே பிறர் புகையால் ஆண்டுதோறும் உலகில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சாகிறார்கள் என்பது அதே நிறுவனத்தின் கணக்கு. 2006இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கை இரண்டு விஷயங்களைத் திட்டவட்டமாகச் சொன்னது. இந்தப் புகையில் இவ்வளவு இருந்தால் ஆபத்தில்லை என்ற அளவு கிடையாது. புகைப்பவரைத் தனியே உட்கார வைப்பதும், காற்றைச் சுத்தம் செய்வதும், விசிறி போடுவதும் முழுப் பாதுகாப்பைத் தராது.

முதலில் பாதிக்கப்படுவது குழந்தை. இளைப்பு உள்ள பிள்ளைக்கு ஒரே இரவில் வீசிங் கிளம்பிவிடும். காதுச்சீழ், மார்ச்சளி, நுரையீரல் வளர்ச்சிக் குறைவு எல்லாம் தொடர்ந்து புகையில் வாழும் குழந்தைகளுக்கு வருபவை. அடுத்து, இதயக்கோளாறு உள்ள பெரியவர்கள். புகை இரத்தத் தட்டுகளை ஒட்டும் தன்மை கொண்டதாக மாற்றுகிறது, இரத்தக்குழாய் விரியும் தன்மையைக் குறைக்கிறது. இதற்கு ஆண்டுகள் வேண்டாம், சிறிது நேரமே போதும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹெலனா என்ற சிறு நகரம், காரைக்காலைப் போலவே ஒரு முக்கிய மருத்துவமனையை நம்பியிருக்கும் ஊர். 2002இல் ஆறு மாதம் பொது இடங்களில் புகைக்கத் தடை அமலில் இருந்தபோது மாரடைப்புக்காக அங்கே சேர்ந்தவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைந்தது. நீதிமன்ற உத்தரவால் தடை நின்றதும் எண்ணிக்கை பழையபடி ஏறியது. பின்னர் பெரிய ஊர்களில் நடந்த ஆய்வுகளில் இவ்வளவு பெரிய சரிவு வரவில்லை. ஆனாலும் குறைகிறது என்பதில் மாற்றமில்லை.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை எடை குறைந்து பிறப்பதற்கு அடுத்தவர் புகையும் ஒரு காரணம்.

‘நாங்கள் நான்-ஸ்மோக்கிங் அறைதான் கொடுத்திருக்கிறோம்’ என்று ஓட்டல்காரர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? கலிபோர்னியாவில் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜார்ஜ் மாட் குழுவினர் நாற்பது ஓட்டல்களில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். சில அறைகளில் மட்டும் புகைக்க விடும் ஓட்டல்கள் ஒருபுறம், முழுக்கத் தடைசெய்த ஓட்டல்கள் மறுபுறம். புகைக்க விடும் ஓட்டல்களின் ‘புகையில்லா’ அறைகளிலும் காற்றில் புகையின் தடயமும், மேசைப் பரப்பில் நிகோடினும் அதிகமாக இருந்தன. அங்கே ஓர் இரவு படுத்தெழுந்த, புகைக்காத மனிதர்களின் விரல்களிலும் அது ஒட்டியிருந்தது. புகை திரைச்சீலையிலும் மெத்தையிலும் சுவர்ப்பூச்சிலும் படிந்து, பின்னர் மெல்ல மெல்லக் காற்றில் திரும்புகிறது. ரூம் ஸ்பிரே அடிப்பது மூக்கை மட்டும்தான் ஏமாற்றும்.

ஏசி பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. ‘ஏசி போட்டா புகை போயிடும்’ என்பார்கள். நம் லாட்ஜுகளில் இருக்கும் சுவர் ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைக் குளிரவைத்துத் திருப்பித் தருகிறது. அதன் வலை தூசியைப் பிடிக்கும்; புகையின் நுண்துகளையும் வாயுக்களையும் பிடிக்காது. நேற்றிரவு அந்த அறையில் யாராவது புகைத்திருந்தால், ஏசியின் உள்பக்கத்தில் படிந்தது இன்று உங்கள் முகத்தில் வீசும். ஏசியைப் போட்டவுடன் வரும் முதல் காற்றை முகர்ந்து பாருங்கள். அறையைப் பற்றி அதைவிட நம்பகமான தகவல் கிடைக்காது.

அதனால் காரைக்காலிலோ, நாகூரிலோ, வேளாங்கண்ணியிலோ, கோவாவிலோ அறை எடுக்கப் போகும் குடும்பம் செய்ய வேண்டிய முதல் காரியம், முன்பணம் கட்டுவதற்கு முன் அறையைப் பார்ப்பது. போனில் பதிவு செய்தால் ‘ஏசியா, நான்-ஏசியா’ என்பதோடு நிறுத்தாமல், கட்டடம் முழுக்கப் புகைக்கத் தடையா, அல்லது சில அறைகளில் விடுகிறார்களா என்று கேட்க வேண்டும். ஒரே கட்டடத்தில் கீழே பார் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். பார் இருந்தால் மாடிப்படியும் லிப்ட் குழியும் புகையை மேலே ஏற்றிவிடும். பாருக்கு நேர் மேலே உள்ள முதல் தள அறை வேண்டாம். போய்ச் சேர்ந்தபின் திரைச்சீலையை முகர்ந்து பாருங்கள். கட்டிலோர மேசையிலும் போர்வையிலும் சிறு தீக்காயத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். குளியலறைக் காற்றுத்துளை இரண்டு அறைகளுக்கும் பொதுவான குழியில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டால் பாதிச் சங்கடம் தீர்ந்தது. அப்படித் திறந்தால், குளியலறைக் கதவை இரவில் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துணி ஒன்றைச் சுருட்டி வைப்பது உடனடி உதவி. முன்கதவுக்கும் அதுவே.

இதெல்லாம் தற்காலிகக் கைவைத்தியம். புகை வந்த பிறகு அறையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதுதான் சரியான காரியம். அதற்குத் தயங்க வேண்டாம். வரவேற்பில் இருக்கும் தம்பியிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. ‘தம்பி, பக்கத்து ரூம்ல சிகரெட் பிடிக்கிறாங்க, பிள்ளைக்கு இளைப்பு இருக்கு, ஒண்ணு அவங்ககிட்ட சொல்லுங்க, இல்லன்னா எங்களுக்கு வேற தளத்துல ரூம் குடுங்க’ என்று சொன்னால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். பக்கத்து அறைக்காரரிடம் நேரில் கதவைத் தட்டிக் கேட்பது, அதுவும் அவர் குடித்திருக்கும் இரவு நேரத்தில், நல்லதல்ல. பகலில், ஓட்டல் மேசையில், பேருந்தில் என்றால் நேரிலேயே கேட்கலாம். ‘அண்ணே, கொஞ்சம் வெளியில போய்ப் பிடிங்களேன், குழந்தை இருக்கு’ என்ற ஒரு வாக்கியத்துக்கு எழுந்து போகாதவர் குறைவு. இந்த ஊர்ப்பக்கத்து மனிதர்களிடம் அந்தக் கூச்சம் இன்னும் இருக்கிறது. கேட்க வேண்டியவர்கள்தான் கேட்பதில்லை. நிர்வாகம் அசையவில்லையென்றால் காவல்துறைக்கும் சுகாதாரத்துறை அதிகாரிகளுக்கும் அபராதம் விதிக்கும் அதிகாரம் இருக்கிறது.

நோய் உள்ளவர்கள் முன்னேற்பாடாகச் செய்ய வேண்டியது ஒன்றுதான். இன்ஹேலரும் மருத்துவர் எழுதிய சீட்டும் பெட்டிக்குள் அல்ல, கைப்பையில் இருக்க வேண்டும்.

வெளிநாடு போகிறவர்களுக்கு இந்த அறிவு இன்னும் பயன்படும். காரைக்காலிலும் நாகூரிலும் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உறவு இல்லாத தெரு குறைவு. சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலை வட்டாரம் 2019 ஜனவரி 1 முதல் புகையில்லாப் பகுதி. ஒதுக்கிய இடங்களில் மட்டும் புகைக்கலாம். அதே தேதியில் மலேசியா தன் உணவுக்கடைகள் எல்லாவற்றிலும், மாமாக் (தமிழ் முஸ்லிம்) கடைகளின் நடைபாதை மேசை உட்பட, புகைக்கத் தடை போட்டது. அங்கே ஒழுங்காக நடந்துகொள்ளும் நம் ஆட்கள், இங்கே திரும்பியதும் விமான நிலைய வாசலிலேயே பற்றவைக்கிறார்கள். சட்டம் இரண்டு இடத்திலும் இருக்கிறது. அங்கே அதைக் கேட்க ஆள் இருக்கிறது.

இந்த விஷயத்தில் அதிகமாகப் பேசப்படாதவர்கள் பார் சப்ளையர்களும் ரூம் பாய்களும். மாலை முதல் நள்ளிரவுவரை மேசை மேசையாகத் தட்டு ஏந்திப் போகும் பையன், தான் ஒரு சிகரெட்கூடத் தொடாதவனாக இருக்கலாம். தாழ்ந்த கூரை, மூடிய ஜன்னல், ஒரே ஒரு எக்ஸாஸ்ட் விசிறி. சுற்றுலா வந்தவருக்கு அது இரண்டு நாள்; அவனுக்கு அது வேலை. அமெரிக்காவின் அட்லான்டிக் சிட்டியில் இதே நிலை. நியூஜெர்சி மாநிலம் 2006இல் எல்லா வேலையிடங்களுக்கும் புகைத்தடை கொண்டுவந்தபோது சூதாட்டத் தளத்துக்கு விலக்கு வைத்தது. சீட்டுப் போடும் பணியாளர்கள், வாடிக்கையாளர் முகத்தில் ஊதும் புகையைச் சுவாசித்துக்கொண்டே அந்த விலக்கை எடுக்கச் சொல்லி ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள், நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள். அவர்களாவது சட்டத்தை மாற்றப் போராட வேண்டியிருக்கிறது. காரைக்கால் பையனுக்கு ஆதரவாகச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அவன் போய்ப் புகார் கொடுக்க முடியாது. கொடுத்தால் வேலை போகும். அவனுக்காகப் புகார் செய்யக் கூடியவர் வாடிக்கையாளர் மட்டும்தான்.

இருநூறு ரூபாய் அபராதம் 2003இல் ஒரு தொகையாக இருந்திருக்கலாம். இன்று ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கே கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிறது. அபராதத்தை இரண்டாயிரமாக்கவும், முப்பது அறைச் சலுகையை எடுத்துவிடவும் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு வரைவுத் திருத்தத்தை 2021 தொடக்கத்தில் மக்கள் கருத்துக்காக வைத்தது, அது சட்டமாகவில்லை. கர்நாடகம் காத்திருக்காமல் தானே திருத்தம் செய்து, 2025இல் அபராதத்தை ஆயிரம் ரூபாயாக்கியது. தனிச் சட்டமன்றம் உள்ள புதுச்சேரிக்கும் இந்த வழியைப் பார்க்கத் தடை என்ன? மது விற்பனையில் வருமானம் பார்க்கிற அரசு, அந்த மதுக்கூடங்களுக்குள் வேலை செய்யும் பிள்ளைகளின் நுரையீரலுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. பார் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, பலகை இருக்கிறதா, ஆஷ்ட்ரே எடுக்கப்பட்டதா, புகையறை விதிப்படி கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். அடுத்த சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கில் மக்கள் திருநள்ளாற்றுக்கு வருவதற்கு முன், குடிநீர், கழிப்பறை, போக்குவரத்து என்று மாவட்ட நிர்வாகம் போடும் ஏற்பாட்டுப் பட்டியலில் லாட்ஜுகளின் புகைத்தடைச் சோதனையும் ஒரு வரியாகச் சேர வேண்டும்.

புகைக்கிறவர்களுக்கும் ஒரு தகவல். விட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு மத்திய அரசின் புகையிலை நிறுத்த ஆலோசனை எண் 1800-11-2356. அழைப்புக்குக் கட்டணம் கிடையாது. அந்த எண்ணைப் புகையிலைப் பாக்கெட்டுகளின் மீதே அச்சிட வேண்டும் என்பது விதி. அடுத்த முறை பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போது திருப்பிப் பார்த்து ஒருமுறை அழைத்துப் பேசுங்கள்.